தூண்டில் இழுத்த சிரிப்பு

ஒரு கேள்வியைக் கையில் எடுத்துவிட்டால் பதில் வாங்காமல் எழும்பிப் போகத் தெரியாத மனுஷி அவர். "கேட்டுட்டுத்தான் போவன்" என்பார். மீன் விற்பவரிடம் ஆற்று மீனா, கடல் மீனா என்று கேட்பதோடு விடமாட்டார். எந்தப் பக்கத்து ஆறு, யாருடைய வலை, ஐஸ் போட்டதா போடாததா என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் அந்த மனிதர், "நீங்க வாங்காட்டியும் பரவாயில்ல ராத்தா, ஆளை விடுங்க" என்பார். காத்தான்குடியில் பஸ் ஏறினால் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கைக்காரியின் ஊர், பிள்ளைகள், வருத்தம், மருந்து எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்.

அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள்; எல்லோருக்கும் அவர் ராத்தாதான். எனக்கும் அப்படியே. முதன்முதல் கண்ட அன்றே என் கழுத்தையும் கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன் புள்ள இன்னும் கலியாணம் முடிக்கல்ல?" என்று கேட்டார்.

"சரிவரல்ல ராத்தா."

"எது சரிவரல்ல? மாப்புள்ளையா, சீதனமா, நீயா?"

வேறு யாரும் கேட்டிருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கும். என் வாய் சும்மா வாய் இல்லை என்று கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர் கேட்ட விதத்தில் நக்கல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். "நான்தான் போல ராத்தா" என்றேன். "அப்ப சரி" என்று அந்தக் கதையை அத்தோடு விட்டார்.

அப்போது நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு தோல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து ஒரு பெண் டொக்டர் வருவார். முகப்பரு, தேமல், முடி கொட்டுவது என்று வருகிறவர்களே அதிகம். இடையிடையே முகச் சுருக்கத்துக்கும் தழும்புக்கும் கொலாஜன் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. இவர்களை வாசலிலேயே தெரிந்துவிடும். குடையை விரித்தபடியே உள்ளே வருவார்கள். பேரைக் கேட்டால் பாதிதான் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், மகளின் கலியாணப் படத்தில் மகளுக்கு அக்கா போலத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட தாய்மார், இப்படி. ஊசி என்ற சொல்லைக்கூட என் காதுக்குள்தான் சொல்வார்கள்.

ராத்தா அப்படி வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நடு ஹோலில் நின்று, "கொலாஜன் ஊசி போடுறது இஞ்சதானே?" என்றார். தேமலுக்கு வந்திருந்த பொடியன்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். நாற்பத்தைந்து ஐம்பதுக்கு இடைப்பட்ட வயது. இடது கன்னத்தில், உதட்டு மூலையிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தழும்பு. அது பள்ளமாக உள்ளே பதிந்து, உதட்டு மூலையைத் தன்னோடு மேலே இழுத்து வைத்திருந்தது. அதனால் அவர் எந்நேரமும் எதிரில் நிற்பவரைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டே இருப்பது போலத் தெரியும். என் தலைமயிர் ஏதும் குலைந்திருக்கிறதோ என்று நான் கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"உங்களப் பார்த்துச் சிரிக்கல்ல புள்ள" என்றார். "இது பத்து வயசுல இருந்து சிரிச்சிட்டே இரிக்கி."

பிறகு கதிரையை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உம்மா மௌத்தாகிறதுக்கு முதல் இது எனக்கு நேராகணும். ஏலுமா ஏலாதா?"

மௌத்து என்றால் மரணம். நான் திகைத்துப் போனேன். "உம்மாவுக்கு என்ன வருத்தம்?"

"வயசு. நெஞ்சும் சரியில்ல. பெரியாஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாருங்க என்டு அனுப்பிட்டாங்க. என்னோடதான் இரிக்கா."

"அதுக்கும் உங்கட முகத்துக்கும் என்ன ராத்தா?"

அதைச் சொல்வதற்காகத்தான் கதிரையை இழுத்துப் போட்டிருந்தார்.

பத்து வயதில் ஒரு நாள் அவருடைய காக்கா, அதாவது மூத்த சகோதரன், ஆற்றங்கரையில் தூண்டில் வீசியிருக்கிறார். வாவியை இங்கே ஆறு என்றுதான் சொல்லுவோம். தங்கச்சி பின்னால் நிற்பது தெரியாமல் வீச்சைப் பின்னுக்கு எடுத்து வீசியதில் முள் தங்கச்சியின் கன்னத்தில் கொளுவிவிட்டது. மீன் என்று நினைத்து இழுத்திருக்கிறார். "காக்காட வாழ்க்கையில பிடிச்ச பெரிய மீன் நான்தான்" என்று ராத்தா சொல்லிச் சிரித்தார். இந்த முறை முகத்தின் வலது பக்கமும் சேர்ந்து சிரித்ததால் உண்மையான சிரிப்பு என்று தெரிந்தது. யாரோ அவசரத்தில் போட்ட தையல் அது. புண் ஆறியது. சிரிப்பு நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்புக்காக அடி வாங்கியிருக்கிறார். கடைகளில் விலை கேட்டால், நக்கலாகக் கேட்கிறாள் என்று முறைப்பார்களாம். அதெல்லாம் போகட்டும் என்று விட்டிருந்தார். போக விட முடியாத ஒன்று மாமியாரின் மையத்து வீட்டில் நடந்தது. நாங்கள் செத்த வீடு என்பதை அவர்கள் மையத்து வீடு என்பார்கள். மாமியார் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பார்த்தது ராத்தாதான். மையத்தைக் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில், முகம் இப்படி இருக்கிறதே என்று முக்காட்டு முனையை இழுத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். எதிரில் இருந்த மதினி, புருஷனின் அக்கா, அதைப் பார்த்துவிட்டார்.

"சிரிப்ப அடக்க ஏலாம மூடிட்டு இரிக்கா பாருங்க" என்றாராம், அத்தனை பேருக்கும் கேட்க. "சிரிக்கிறத்துக்கு வேற இடம் கிடைக்கல்லியா?"

ராத்தா கையை எடுத்தார். எடுத்ததும் எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கட்டாரில் இருந்த புருஷன் போனில், "சரி விடு, அவ குணம் தெரியும்தானே" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எந்த மையத்து வீட்டுக்குப் போனாலும் ராத்தா உள்ளே போவதில்லை. பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போய், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவார், கோப்பை கழுவுவார்.

"ஆனா என்ட உம்மாட மையத்துல நான் குசினிக்குள்ள இரிக்க மாட்டன்" என்றார். "தலைமாட்டுல இரிப்பன். என்ட முகம் அழுதா அழுற மாதிரித் தெரியணும். அவ்வளவுதான். ஏலுமா ஏலாதா?"

அன்றைக்கு வரிசையில் முன்னால் இருந்த பேரைத் தள்ளி அவரை முதலில் உள்ளே அனுப்பினேன். அது சட்டப்படி பிழை. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

டொக்டர் நல்லவர், அவசரப்படாதவர். தழும்பு அடியில் சதையோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது, முதலில் ஊசியால் அந்த ஒட்டை விடுவிக்க வேண்டும், பிறகு பள்ளத்துக்குள் கொலாஜன் செலுத்தினால் தோல் மேலே எழும்பும், உதடும் ஓரளவு கீழே இறங்கும் என்று படம் கீறிக் காட்டினார். ராத்தாவுக்கு அது உடனே பிடிபட்டது. வீட்டில் மெசின் வைத்து அபாயாவும் சட்டையும் தைக்கிறவர் அவர்.

"இழுவைத் தையல அவிழ்த்துட்டு உள்ளுக்குத் துணி வச்சு நிமித்துறது. அதுதானே?"

"கிட்டத்தட்ட அதுதான்" என்று டொக்டர் சிரித்தார். "ஆனா ஒண்டு. இது நிரந்தரம் இல்லை. சில மாதத்தில உடம்பு அதைக் கரைச்சிடும். பழையபடி கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும். திரும்பப் போட வேண்டி வரும்."

ராத்தா விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். "அப்ப உம்மா மௌத்தாகிற நேரம் பார்த்துத்தான் போடணுமா?"

டொக்டர் வாய் திறக்குமுன் ராத்தாவே சொன்னார். "அந்த நேரம் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கரையக் கரையப் போடுவம்."

எழும்பும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. "இது எதுல இருந்து எடுக்கிற?"

"மிருகத் தோல்ல இருந்து."

"என்ன மிருகம்?"

அந்தக் கிளினிக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. விலை கேட்பார்கள், வலிக்குமா என்று கேட்பார்கள், யாருக்கும் தெரியாமல் போட முடியுமா என்று கேட்பார்கள். டொக்டர் பெட்டியை எடுத்து வாசித்து, அதுவும் போதாதென்று கொழும்புக்குப் போன் எடுத்து உறுதிப்படுத்திவிட்டுச் சொன்னார். பன்றியிலிருந்து எடுப்பதும் இருக்கிறது, ஆனால் இது மாடு.

ராத்தா கதவைத் திறந்து வெளியே வரும்போதே, "மாடுதானாம் புள்ள! பண்டி இல்லியாம், அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

ஹோலில் ஒரு கதிரை சத்தமாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது. எங்கள் கல்லடியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழும்பி நின்றார். மூக்கிலிருந்து வாய்வரை இறங்கும் கோடுகளைக் குறைக்க வந்தவர். போன கிழமைதான் அவருக்குச் சோதனை ஊசி போட்டிருந்தார்கள்; அன்று கையைக் காட்ட வந்திருந்தார். கொலாஜன் போடுவதற்கு முன் முழங்கைக்குக் கீழே கொஞ்சமாகச் செலுத்தி, ஒரு மாதம் போல் பொறுத்து, சிவக்கிறதா வீங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம்.

"பிள்ளை, மாடா? எனக்குக் கையில போட்டதும் மாடா?"

"ஓம் டீச்சர்."

"ஐயோ! நான் மச்சம் மாமிசம் விட்டு ரெண்டு கிழமையாகுது. கண்ணகை அம்மன் கோயில்ல சடங்குக்குக் கதவு திறக்கப் போகுது. மாட்டைக் கைக்குள்ள வச்சுக்கொண்டு எப்பிடிப் போய்க் கும்பிடுறது? இதை வெளியில எடுக்க ஏலாதா?"

எடுக்க ஏலாது என்று நான் சொன்னதும் அவருடைய முகத்தில் இருந்த கோடுகள் இன்னும் ஆழமாகிவிட்டன. ராத்தா போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், உங்களுக்கு மாடு ஆகாது, எனக்குப் பண்டி ஆகாது. அப்ப நாம ரெண்டு பேரும் முதல்லயே கேட்டிரிக்கணுமா இல்லியா?"

"கேட்டிருக்கத்தான் வேணும். வெட்கத்தில கேட்கல்ல."

"இப்ப கேளுங்க. உங்கட கோயில் ஆக்களிட்டப் போய்க் கேளுங்க. நான் எங்கட ஹஸரத்திட்டக் கேட்கத்தான் போறன். மாடுதான், ஆனா அறுத்த முறை எனக்குத் தெரியாதே."

டீச்சர் உண்மையாகவே போய்க் கேட்டார். பூசை செய்யும் கட்டாடியார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மஞ்சள் தண்ணியில் முழுகிவிட்டு வாங்கோ என்றாராம். சடங்கு முடிந்த பிறகும் அவர் ஊசிக்குத் திரும்பி வரவில்லை. அந்தக் கோடுகளோடுதான் இன்றும் சந்தையில் தக்காளி பொறுக்குகிறார்.

ராத்தாவின் ஹஸரத், அவர்களுடைய மார்க்க அறிஞர், அவ்வளவு இலேசாக விடவில்லை. கிதாபுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தார், இரண்டாம் முறை வரச் சொன்னார். அவர் கொடுத்த விளக்கம் முழுவதையும் ராத்தா என் மேசையில் இருந்து ஒப்பித்தார். எனக்கு அரைவாசிதான் விளங்கியது. அழகுக்கா, குறையைத் திருத்தவா என்பதுதான் அவர் முக்கியமாகக் கேட்டதாம்.

"நான் சொன்னன், ஹஸரத், ஐம்பது வயசுல அழக வச்சு நான் என்ன செய்யிற? மையத்து வீட்டுல ஒரு மனுசியா இரிக்கத்தான் கேக்கன் என்டு. அவரு கிதாப மூடி வச்சாரு. பொறகு செய்யிங்க மகள் என்டாரு."

சோதனை ஊசி போட்ட அந்த ஒரு மாதமும் எனக்கு நிம்மதி இல்லை. வட்ஸ்அப்பில் குரல் வந்துகொண்டே இருக்கும். "புள்ள, கை சிவக்கல்ல. வரட்டா?" "புள்ள, கொஞ்சம் கடிக்கி. நுளம்புக் கடியா, ஊசியா? எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" "புள்ள, உம்மாக்கு நேத்து மூச்சு வாங்கிச்சி. டொக்டர இந்தக் கிழமையே போடச் சொல்ல ஏலாதா?" அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் நேரே போன் எடுத்தேன். அவசரப்பட்டுப் போட்டு முகம் வீங்கினால் தலைமாட்டில் எப்படி இருப்பீர்கள் என்றேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, "உம்மாவ இரிக்கச் சொல்றன்" என்றார். சொல்லியும் இருப்பார்.

உம்மா இருந்தார். ஊசி போடும் நாளும் வந்தது. பயமா என்று டொக்டர் கேட்டதற்கு, "ஊசிதான் எனக்குச் சோறு போடுது டொக்டர். அதுக்குப் பயந்து ஏலுமா?" என்றார். ஒட்டை விடுவிக்கும்போது வலி இருந்திருக்க வேண்டும். கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறியிருந்தன. ஆனாலும் டொக்டரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். "இப்ப மட்டும் கதைக்கப்படாது" என்று டொக்டர் அதட்டினார். ராத்தா கேள்வியோடு வாயை மூடிக்கொண்டு கிடந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வீக்கம் வற்றிய பிறகு வந்தார். பள்ளம் நிரம்பியிருந்தது. தழும்பு கிட்டப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு வெள்ளைக் கீறலாகக் கிடந்தது. உதட்டு மூலை இறங்கி மற்றப் பக்கத்தோடு நேராக நின்றது. நான் கண்ணாடியைக் கொடுத்தேன். சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார்.

"எங்கட பெரியவாப்பாட மூஞ்சி மாதிரியே இரிக்கி புள்ள. அவரு பொல்லாத கோவக்காரரு."

நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் சிரித்தது தெரிந்தது. அவர் சிரித்தது வலது பக்கத்தில் மட்டும்தான் தெரிந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டு கிழமை போகவில்லை, ஒரு சனிக்கிழமை நேரத்தோடேயே வந்து வாசலில் நின்றார். முகம் கடுகடு என்று இருந்தது. ஏதோ சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இதக் கழட்ட ஏலுமா?"

"ஏன் ராத்தா? நோவா? வீங்கிட்டா?"

"ஒண்டுமில்ல. உம்மா."

உம்மாவுக்கு அப்போது நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ராத்தா கஞ்சிக் கோப்பையோடு அறைக்குள் போனால் உம்மா முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, என்னோட கோவமா?" என்று கேட்கிறாராம். கோவம் இல்லை உம்மா என்றால் நம்புவதில்லை. கஞ்சியைத் தள்ளி வைக்கிறார். நான் கிடந்து உனக்குக் கரைச்சல் தாறன் என்று அழுகிறார். நாற்பது வருஷமாக அந்தத் தாய் பார்த்த முகம் சிரித்த முகம். ஊர் முழுக்க அதை நக்கல் என்று சொன்னபோது, அவர் ஒருவருக்குத்தான் அது மகளின் சிரிப்பு. இப்போது அது இல்லாமல் போனதும் மகள் தன்னை வெறுத்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். ஊசி போட்ட கதையைச் சொன்னால் விளங்குகிறதாம். அடுத்த வேளைக் கஞ்சிக்குள் மறந்துவிடுகிறதாம்.

டொக்டர் கேட்டுவிட்டு, கழற்ற முடியாது, ஆனால் திரும்பப் போடாமல் விட்டால் தானாகக் கரைந்து பழையபடி வந்துவிடும், எது வேணும் என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

ராத்தா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். "விடுங்க ராத்தா. உயிரோட இருக்கிற உம்மாதானே முக்கியம். மௌத்துக்குப் பிறகு மதினி என்ன சொன்னா என்ன?"

"உம்மாவும் வேணும். தலைமாடும் வேணும்" என்றார். "ஒண்டுக்காக மத்தத விட மாட்டன்." பிறகு என்னைப் பார்த்து, "சிரிக்கிற எப்பிடி?" என்று கேட்டார்.

"என்ன?"

"இந்தப் பக்கத்தால நான் ஒருநாளும் சிரிச்சதில்ல. அது தன்ட பாட்டுல சிரிச்சிட்டு இருந்திச்சி. நீங்க எல்லாரும் எப்பிடிச் சிரிக்கிறீங்க?"

சிரித்துக் காட்டினேன். அவர் பார்த்து அப்படியே செய்தார். வலது பக்கம் போனது, இடது பக்கம் அசையவில்லை. கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார்.

"இப்ப சிரிக்கனா?"

"இல்ல ராத்தா. பல்லு நோகிற மாதிரி இருக்கு."

"இப்ப?"

"யாரையோ கடிக்கப் போற மாதிரி."

டொக்டர் எட்டிப் பார்த்து, கன்னத்தில் விரலை வைத்து மெதுவாக மேலே தள்ளிப் பழகச் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் குரலுக்குப் பதிலாகப் படம் வரத் தொடங்கியது. தையல் மெசினுக்கு முன்னால், கிணற்றடியில், முக்காட்டோடு, முக்காடில்லாமல், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கோணல். கீழே ஒரே கேள்வி: "இது?" நான் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பார். இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினேன். ஒரு நாள் வந்த படத்தில் இடது மூலை மெல்ல, ஒரு நெல்மணி அளவுதான், மேலே எழும்பியிருந்தது. நான் பஸ்ஸில் நின்றபடி சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவர், என் காலை மிதித்துவிட்டோமோ என்று மன்னிப்புக் கேட்டார்.

சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். அதை எடுக்க ஒரு பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும், தாய் மகளோடுதான் இருப்பார். உம்மாவின் அறைக்கு ஒரு சீத்தைத் துணித் திரை. ராத்தா கஞ்சிக் கோப்பையோடு அந்தத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே போகவில்லை. கண்ணை மூடினார். விரலால் இடது கன்னத்தை ஒருமுறை மேலே தடவினார். முகம் மெல்ல மெல்ல ஏறி நின்றது. அது நின்றதும் திரையை விலக்கிக்கொண்டு போனார்.

உள்ளேயிருந்து ஒரு மெலிந்த குரல் கேட்டது. "வந்திட்டியா புள்ள? கோவமில்லதானே?"

"என்ன கோவம் உம்மா? பாருங்க என்ட முகத்த."

"ஓம். சிரிச்சிட்டுத்தான் வாறாய்."

நான் சட்டையை அளந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

அப்படி ஒவ்வொரு வேளையும் செய்தார். இடையில் கொலாஜன் கரையத் தொடங்கி உதடு மறுபடி இழுக்க ஆரம்பித்ததும், "மறுகா தூக்குது, போடுவம்" என்று வந்து நின்றார். எனக்கு ஆச்சரியம். விட்டிருந்தால் திரைக்கு முன்னால் நின்று கஷ்டப்பட வேண்டியதில்லையே என்றேன். "தானா வாற சிரிப்ப நம்பி இனி ஏலாது. அது மையத்து வீட்டுலயும் வரும்" என்றார். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு போனார்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் அவருடைய குரல் வந்தது. கேள்வி இல்லாமல் வந்த ஒரே குரல் அதுதான். "உம்மா மௌத்து. பின்னேரம் அஸர் தொழுகைக்கு எடுக்கிறாங்க."

நான் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ஆண்கள் வெளியில் நின்றார்கள். உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. ஆனால் கண் குசினிப் பக்கம்தான் முதலில் போனது. ராத்தா அங்கே இல்லை.

தலைமாட்டில் இருந்தார். முக்காடு தலையில்தான் இருந்தது, வாயில் இல்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன. கண்ணீர் இரண்டு கன்னத்தாலும் ஒரே மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. உதடு நேராக இருந்தது. தாயை இழந்த ஒரு மகளின் முகம், வேறொன்றும் அதில் இல்லை. அவருக்கு நேர் எதிரில் ஒரு வயதான பெண் உட்கார்ந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே அது மதினி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்கட்டும் என்று நினைத்தேன். நன்றாகப் பார்க்கட்டும்.

வெளியிலிருந்து நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள். கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து விலகினார்கள். கடைசியில் ராத்தா எழும்பி, முழங்காலில் நின்று, உம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

கண்ணை மூடினார். விரல் இடது கன்னத்தில் ஒருமுறை மேலே போனது. எனக்கு என்ன நடக்கப் போகிறது என்று விளங்கிவிட்டது. வேண்டாம் ராத்தா, இங்கே வேண்டாம், இவ்வளவு பாடுபட்டது இந்த ஒரு நாளுக்குத்தானே என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ராத்தா சிரித்தார். இரண்டு பக்கமும், முழுதாக. உம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "கோவமில்ல உம்மா" என்று மெல்லச் சொன்னார். அவசரப்படாமல் அப்படியே இருந்தார்.

பெண்களுக்குள் ஒரு சலசலப்பு. "சிரிக்கா..." என்று மதினியின் வாயிலிருந்து வந்தது.

ராத்தா நிமிர்ந்தார். கண்ணீரைத் துடைக்கவில்லை. முகம் மறுபடி நேராகியிருந்தது.

"ஓம் மதினி, சிரிச்சன். மாமிட மையத்துல நான் சிரிக்கல்ல. இது சிரிப்பு, அது தழும்பு. இப்ப ரெண்டையும் பார்த்திட்டீங்கதானே?"

வெளியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். ராத்தா அசையவில்லை. உம்மாவின் முகத்தை மூட வேண்டிய துணியைக் கையில் பிடித்தபடி மதினியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மதினி தலையைக் குனிந்தார். "ஓம்" என்றார்.

அதன் பிறகுதான் ராத்தா உம்மாவின் முகத்தை மூடினார்.